பெருவிரலுக்கு வந்த வேலை

கைப்பிடியை முறுக்கிக் கியர் மாற்றிப் பழகியவர் விசை வைத்த சைக்கிளுக்கு மாறினால், மணிக்கட்டு செய்த வேலை விரல்களுக்கு வந்துவிடுகிறது. வழக்கமான வலப்பக்க விசையில், பெருவிரலால் அழுத்தினால் சங்கிலி பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும், மிதி இலகுவாகும். ஆள்காட்டி விரல் விசை அதைச் சிறியதற்கு இறக்கும். 1984இல் ஷிமானோ நிறுவனம் தன் டியூரா-ஏஸ் சைக்கிள் பாகத் தொகுப்பில் கொண்டுவந்த முறையால், ஒரு ‘கிளிக்’குக்கு ஒரு கியர். சமதளமான புதுச்சேரி நகருக்குள் கியரே அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் பழகுவதற்கு ரோமன் ரோலண்ட் வீதி போன்ற நேரான தெருக்களே உகந்தவை. உண்மையான தேவை, பெரிய முதலியார்சாவடியிலிருந்து குயிலாப்பாளையம் வழியே ஆரோவில்லுக்கு ஏறும் சாலையில். மேடு தொடங்கும் முன்பே, மிதியழுத்தத்தைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு மாற்ற வேண்டும். பாதி ஏற்றத்தில், முழு பலத்தோடு மிதித்தபடி மாற்றினால் சங்கிலி கறகறக்கும், கழன்றும் விழலாம்.