குணசாலி என்ற சொல் மறைத்த கணக்கு

குடும்பமாக அமர்ந்து உண்ணும் வழக்கம் அழிந்துவருகிறது என்ற புலம்பல் எழும்போதெல்லாம், அதற்கு மருந்தாக விவிலியத்தின் நீதிமொழிகள் நூலை, குறிப்பாக அதன் 31ஆம் அதிகாரத்தை, எடுத்து நீட்டுவது வாடிக்கையாகிவிட்டது. திருமண வாழ்த்துரைகளிலும் மகளிர் கூட்டங்களிலும் அப்பகுதி இல்லத்தரசியின் கடமைப் பட்டியலாகவே வாசிக்கப்படுகிறது: விடியுமுன் எழு, எல்லோருக்கும் உணவளி, சோம்பியிராதே. இப்பட்டியல் பொய்யன்று, ஆனால் பாதிப் பட்டியல். மறுபாதியை மறைத்துவிட்டு முதற்பாதியை மட்டும் வேதவாக்காக்குவது ஞானம் ஆகாது. அது வாசிப்பவரின் வசதி.

மறைப்பு ஒரு சொல்லிலேயே தொடங்குகிறது. அக்கவிதையின் தலைவியை எபிரேய மூலம் 'ஏஷெத் ஹயில்' என்கிறது. 'ஹயில்' என்பதற்கு வலிமை, படை, செல்வம், ஆற்றல் என்பன பொருள். தமிழ்க் கிறித்தவர் பெரிதும் பயன்படுத்தும் பழைய மொழிபெயர்ப்பில் இதே சொல் கிதியோனைக் குறிக்கும் இடத்தில் அவன் 'பராக்கிரமசாலி' ஆகிறான். போவாசைக் குறிக்கும் இடத்தில் அவன் 'ஆஸ்திக்காரன்' ஆகிறான். ரூத்தையும் நீதிமொழிகளின் தலைவியையும் குறிக்கும்போதோ அது 'குணசாலி' என்று மாறுகிறது. ஆணிடம் வீரமாகவும் சொத்தாகவும் இருந்த ஒன்று பெண்ணிடம் வந்ததும் நன்னடத்தையாகச் சுருங்கிவிட்டது. மூலச்சொல் தெளிவற்றது என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு அவளைத் துணிவுள்ளவள் என்றது; இலத்தீன் மொழிபெயர்ப்பு வலிமையுள்ளவள் என்றது.

எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளையும் வரிசையாகத் தொடக்கமாகக் கொண்ட 22 வசனங்கள் அக்கவிதை. அதில் சமைத்தல் என்ற வினை ஓரிடத்திலும் இல்லை. அவள் நிலத்தை மதிப்பிட்டு வாங்குகிறாள்; தன் உழைப்பின் வருவாயால் திராட்சைத் தோட்டம் நடுகிறாள்; ஆடை நெய்து விற்கிறாள்; வணிகருக்குக் கச்சைகள் கொடுக்கிறாள்; ஏழைக்குக் கை திறக்கிறாள். இருட்டோடே எழுந்து வீட்டாருக்கு அவள் அளிக்கும் உணவைக் குறிக்கும் 'தெரெஃப்' என்ற சொல்கூட, விலங்கு வேட்டையாடிக் கொணரும் இரையைக் குறிக்கும் சொல். அவள் பரிமாறுபவளாக மட்டும் வரவில்லை. ஈட்டி வருபவளாக வருகிறாள்.

அவளது உணவு தொலைவிலிருந்து வருவதால் வணிகக் கப்பலோடு அவளை ஒப்பிடுகிறது கவிதை. அந்த உவமை கண்முன் நடமாடிய ஊர் கொச்சியின் மட்டாஞ்சேரி. 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதர்களின் தொழுகைக்கூடம் அமைந்த தெருவும் மிளகுக் கிடங்குகளும் அங்கே அருகருகே இருந்தன. அத்தெருவில் சாரா கோஹன் என்ற மூதாட்டி, ஆண்கள் தொழுகையில் அணியும் தொப்பிகளையும் சபாத் அப்பத்தை மூடும் துணிகளையும் பூத்தையல் செய்து விற்றுவந்தார். 2019இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார். அதே சமூகத்தில் பிறந்த ரூபி டேனியல் இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றினார். மட்டாஞ்சேரி வாழ்வைப் பற்றிய அவரது நினைவுநூல் 1995இல் வெளிவந்தது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளப் பாடல்களைத் தம் கையேடுகளில் எழுதிக் காத்தனர். ஆண்களும் கூடியிருந்த அவைகளில் பாடினர். 'ஹயில்' என்ற சொல்லுக்கு உரை தேடுவோர்க்கு அகராதியோடு இத்தெருவும் உதவும்.

ஆயினும் மட்டாஞ்சேரியைப் பொற்காலமாக்கிவிடுவதும் பிழை. ஹனுக்கா முடிந்தது முதல் பஸ்கா வரை ஏறத்தாழ நூறு நாள்கள் அவ்வீடுகளின் பெண்கள் தூய்மைப் பணியிலும் தானியம் பொறுக்குவதிலும் மூழ்கினர். அதில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் கணவன், மக்கள் ஆகியோரின் உயிருக்கே கேடு என்ற நம்பிக்கையை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். பண்டிகை மேசை குடும்பம் முழுவதற்கும் உரியது. அதன் அச்சமோ ஒருத்திக்கு மட்டும் உரியது. மேலும், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர்க்குத் தொழுகைக்கூடத்தில் சம இருக்கை மறுக்கப்பட்டது. அதை எதிர்த்து, அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் ஏ. பி. சலேம் 20ஆம் நூற்றாண்டில் அறப்போர் நடத்த வேண்டியிருந்தது. தலைவி தன் பணிப்பெண்களுக்கும் உரிய பங்கை அளிக்கிறாள் என்ற கவிதையின் வரியை அச்சமூகமும் முழுதாக வாசிக்கவில்லை.

கூடி உண்பது உறவை வளர்க்கும் என்பதை யாரும் மறுக்கவில்லை. அதற்கும் நீதிமொழிகளிலேயே வழி உண்டு. பகையோடு உண்ணும் கொழுத்த மாட்டிறைச்சியைவிட அன்போடு உண்ணும் கீரையே மேல் என்கிறது அதன் 15ஆம் அதிகாரம். பதார்த்தங்களின் எண்ணிக்கையைக் குறை, சமைப்பவளும் உடன் அமரட்டும் என்று இதற்குப் பொருள் கொண்டால் என்ன குறைந்துவிடும்? அந்த வசனத்தை எந்த மணமகனிடமும் எவரும் சொல்வதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்களோ நூற்றுக்கு 26 பேர்தாம். இக்கணக்கின்மேல் 'குடும்பமாக உண்ணுங்கள்' என்ற அறிவுரையை வைத்தால், அது யார் தலையில் விழும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

யூத இல்லங்களில் வெள்ளி இரவு உணவுக்குமுன் இக்கவிதையைப் பாடி மனைவியைப் போற்றும் மரபு உண்டு. அழகான மரபுதான். ஆனால் கவிதையின் இறுதி வசனம் பாராட்டோடு நிற்பதில்லை. அது பன்மை ஏவலில் அமைந்தது. அதுவரை அவளைப் பற்றிப் பேசிய கவிதை அங்கே ஊரைப் பார்த்துப் பேசுகிறது: அவள் கைகள் ஈட்டியதை அவளுக்கே கொடுக்கச் சொல்கிறது, அதன் பின்னரே நகர வாயிலில் அவள் செயல்கள் அவளைப் புகழட்டும் என்கிறது. இந்த வரிசை முக்கியமானது. விவிலிய ஞானத்தை அடுக்களைக்குள் கொண்டுவர விரும்புவோர், 31ஆம் அதிகாரத்தை அதன் கடைசி வசனத்திலிருந்து கடைப்பிடிக்கத் தொடங்கட்டும்.