சந்தா வந்தாச்சு, உட்கார இடம் எங்கே?

‘எல்லாம் போன்லயே கிடைக்குதே, இனி லைப்ரரி எதுக்கு?’ கல்லூரி வளாகங்களில் சகஜமாகக் காதில் விழும் கேள்வி இது. பாதி நியாயமான கேள்வியும்கூட.

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் சாலையில், சின்னாளபட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராம கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம். டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956-ல் உருவான கிராமியக் கல்வி நிறுவனம், 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இப்படியொரு கிராமப்புற வளாகத்துக்குப் பன்னாட்டு ஆய்விதழ்கள் நீண்டகாலம் எட்டாக் கனிதான். விலை அப்படி.

அந்தக் கணக்கை மாற்றியிருக்கிறது ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம். 2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள சுமார் 6,300 நிறுவனங்களுக்கு இது பொருந்தும். பயன்பெறுவோர் 1.8 கோடிப் பேர் என்கிறது அரசு. அப்படியென்றால் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 ரூபாய். ஒரே ஒரு கட்டுரையைத் தனியாக விலைகொடுத்து வாங்கினாலே இதைவிட அதிகம் கேட்கும் பதிப்பகங்கள் உண்டு. ஆனால், தனியார் கல்லூரிகளுக்கு முதல் கட்டத்தில் இடமில்லை. அதே ஊரில், அதே பஸ்ஸில் வரும் இரண்டு மாணவிகளில் ஒருத்திக்குக் கதவு திறக்கும், இன்னொருத்திக்குத் திறக்காது. இது சரியில்லை.

இன்னொரு குறை, மொழி. இந்த இதழ்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். சுங்குடி நெசவைப் பற்றியோ கண்மாய்ப் பாசனத்தைப் பற்றியோ தமிழில் தேடுகிறவருக்கு இவை அதிகம் உதவாது. அவருக்குத் தமிழ் மின் நூலகமும், 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் ‘சோத்கங்கா’வும்தான் துணை. உள்ளூர் ஆவணங்களை ஸ்கேன் செய்து சேர்க்கும் வேலையை டெல்லி வந்து செய்யாது. அந்தந்தப் பல்கலைக்கழக நூலகம்தான் செய்ய வேண்டும்.

சரி, இதழ்கள் திரைக்குப் போய்விட்டால் அலமாரி நின்ற இடம் என்ன ஆகும்? விஷயமே இங்கேதான் இருக்கிறது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தோடு வந்து படிப்பதற்கென்றே தனிப் பகுதி உண்டு. அங்கே வருகிறவர்கள் நூலகத்தின் புத்தகத்தைத் தொடாமலேகூடத் திரும்பலாம். டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு வேண்டியது அமைதி, ஃபேன், ஒரு பிளக் பாயின்ட். ஒற்றை அறை வீட்டில் அது கிடைக்காது. ‘கையில போன் இருக்கே’ என்பவர்கள், அந்த போனை வைத்துக்கொண்டு எங்கே உட்கார்ந்து படிப்பது என்று யோசிப்பதில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் யோசித்தார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்ற முதல் விதியை விளக்கும்போது அவர் பேசியது நூலகம் அமையும் இடம், திறந்திருக்கும் நேரம், மேஜை நாற்காலி பற்றியெல்லாம்தான்.

கணினி வாங்க நிதி ஒதுக்குவது சுலபம். திறப்பு விழா போட்டோவும் கிடைக்கும். இரவு 9 மணிவரை திறந்து வைக்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். விடுதியில் தங்காத மாணவிக்கு அந்த நேரத்தில் ஊர் திரும்ப டவுன் பஸ்ஸும் வேண்டும்.