மாணவர் கையில் ஒரு சந்தை



"காலேஜ் பிள்ளைகள் எந்நேரமும் செல்போனும் கையுமாகவே திரிகிறார்கள்" என்று கடைவீதியில் நாம் குறைப்பட்டுக் கொள்கிறோம். அவர்கள் அதில் எதைப் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து விருதுநகர் மார்க்கெட் நிலவரம் கேட்டவர்கள் நாம். என்ன விலை, யார் நாணயமானவர் என்று தெரியாமல் வியாபாரம் இல்லை. மாணவர்களும் நிலவரம் அறியவே சமூக ஊடகத்துக்குப் போகிறார்கள். பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது, எந்தக் கம்பெனி ஆள் எடுக்கிறது, எந்த ஹாஸ்டலில் சாப்பாடு சுமார் என்பதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விடுகிறது. ஊரை விட்டுப் படிக்கப் போன பிள்ளைக்குத் துணையும் அதுதான். இன்ஸ்டாகிராமில் கவரிங் நகை, சேலை விற்றுச் சம்பாதிக்கும் மாணவியரும் உண்டு.

ஃபேஸ்புக் பிறந்ததே கல்லூரியில்தான். 2004-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது அது. 2006-ல்தான் வெளியாருக்கும் திறந்து விடப்பட்டது.

இதன் பலத்தை நாமே நேரில் கண்டோம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் மாணவர்கள் தலைவர் இல்லாமல் திரண்டது ஃபேஸ்புக், வாட்ஸ்அப் செய்திகளால்தான். அந்நியக் குளிர்பானம் வேண்டாம் என்று அங்கே எழுந்த குரலை ஏற்று, அவ்வாண்டு மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. மாணவர் பேச்சு நம் கல்லாவரை வந்து சேர்ந்தது.

ஆனால் ஒரு வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சந்தையில் நுழையக் கட்டணம் இல்லையே, தரகு யார் கொடுக்கிறார்கள்? விளம்பரதாரர் கொடுக்கிறார். பிள்ளைகள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்களோ அவ்வளவு விளம்பரம் காட்டலாம். ஆகவே பார்த்தவர் கண்ணை எடுக்காதபடி ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக் கொண்டே இருக்கிறார்கள். அங்கே தராசில் ஏறுவது நம் பிள்ளைகளின் படிப்பு நேரமும் தூக்கமும்தான்.

மோசடிக்காரர்களும் அங்கேதான் கடை விரிக்கிறார்கள். 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்று ஆசை காட்டி முன்பணம் பிடுங்குகிறார்கள். கமிஷன் தருவதாகச் சொல்லி மாணவரின் வங்கிக் கணக்கை வாங்கித் திருட்டுப் பணத்தை அதன் வழியே ஓட்டுகிறார்கள். போலீஸ் வந்து நிற்பது கணக்குக்கு உரியவர் வீட்டு வாசலில்.

செல்போனைப் பிடுங்கி வைப்பதால் பயனில்லை. நாம் கற்ற தொழிலைச் சொல்லிக் கொடுப்போம். முகம் தெரியாதவருக்கு முன்பணம் தராதே, உன் கணக்குப் புத்தகத்தை இன்னொருவர் கையில் கொடுக்காதே, சும்மா வரும் சரக்குக்குப் பின்னால் யார் லாபம் இருக்கிறது என்று பார். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி வைப்போம்.

நாளை நம் கல்லாவில் உட்காரப் போகிறவர்கள் அவர்களே. சந்தைக்குப் போகட்டும், எடை பார்க்கத் தெரிந்து போகட்டும்.