மூன்றில் இரண்டு போதுமா?

நம் பிள்ளைகளின் கல்வி மூன்று துண்டாகக் கிடக்கிறது. ஏட்டுக் கல்வி பள்ளிக்கூடத்தில், மார்க்கக் கல்வி மத்ரஸாவில், கைத்தொழில் பட்டறையில். பள்ளியில் பயிலும் மாணவன் உளி பிடித்தறியான். மத்ரஸாவில் ஓதும் மாணவனுக்குக் கணிதம் எட்டுவதில்லை. பட்டறையில் உழைக்கும் சிறுவனோ, "படிப்பு வராதவன்" என்று இரு சாராராலும் கழிக்கப்பட்டவன். ஒரே மனிதனுக்கு வேண்டிய மூன்றையும் மூன்று பேருக்குப் பங்கிட்டுவிட்டு, சமுதாயம் முன்னேறவில்லையே என்று மேடைதோறும் வருந்துகிறோம்!

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இம்மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஒரே பாடத்திட்டத்தில் இணைய வேண்டும் என்பதே நம் வாதம். இது புதிய வாதமன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகளின் தலைமையில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்க ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் தலைவர் டாக்டர் ஜாகிர் உசேன். பெர்லினில் பொருளாதாரம் பயின்று, 1926 முதல் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவை நடத்தி, 1967இல் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த அதே பெருமகன்தான்.

அத்திட்டத்தில் ஏடும் உழைப்பும் இருந்தன. மார்க்க போதனை இல்லை. சமயங்கள் போதிக்கப்படும் முறை பிணக்கை வளர்த்துவிடும் என்று அஞ்சிக் காந்தியடிகள் அதனை விலக்கினார். முஸ்லிம்கள் பலர் திட்டத்தை எதிர்த்தனர். எதிர்ப்பின் காரணங்களுள் இதுவும் ஒன்று. எதிர்த்தது குற்றமன்று. எதிர்த்தவர்கள் குறையை நிரப்பிக் காட்டினார்களா என்பதே நம் வினா. விடுபட்ட மூன்றாவதைச் சேர்க்காமல், இருந்த இரண்டில் ஒன்றாகிய உழைப்பையும் கைவிட்டோம். இன்று நம் பள்ளிகளில் ஏடும், அதன் ஓரத்தில் ஒரு தீனிய்யாத் வகுப்பும் உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஐந்து பாடங்களுக்கும் 500 மதிப்பெண்கள். கைத்தொழில் அவ்வைந்தில் ஒன்றன்று. கோத்தாரிக் குழு 1964-66இல் "வேலை அனுபவம்" வேண்டும் என்றது. தமிழகத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் உடன் வந்தது. நாம் அதனை எப்படி வரவேற்றோம்? மதிப்பெண் குறைந்த பிள்ளையைத் தள்ளிவிடும் மூலையாக!

உழைப்பை இழிவென்று கருத நமக்கு எங்கிருந்து துணிவு வந்தது? மத்ரஸாவில் ஓதும் ஒவ்வொரு மாணவனும் ஃபிக்ஹ் நூல்களில் காணும் பெயர்களைக் கேளுங்கள். இமாம் கஸ்ஸாஃப் செருப்புத் தைத்து உண்டவர், பெயரே அதுதான். ஜஸ்ஸாஸ் என்பது சுண்ணச் சாந்துத் தொழிலின் பெயர். குதூரி என்பது பானைத் தொழிலைச் சுட்டுவது என்பர். ஷாஃபிஈ மத்ஹபின் தூண்களில் ஒருவரான கஃப்ஃபால் மர்வஸீ பூட்டுச் செய்பவர். முப்பது வயதளவில்தான் கல்வியின் பக்கம் திரும்பினார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) துணி வணிகர். நபி தாவூத் (அலை) அவர்கள் போர்க்கவசம் செய்தார்கள். நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சர். இத்தனை பெயர்களையும் மனனம் செய்துவிட்டு, பட்டறைக்குச் சென்ற பையனுக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோமே, இஃது எந்தக் கிதாபில் உள்ளது?

நம் திருச்சிராப்பள்ளியையே பாருங்கள். பொன்மலையில் ரயில்வே பணிமனை. திருவெறும்பூரில் கொதிகலன் செய்யும் பெல் ஆலை. பற்றவைப்புக்கென்றே அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம். 1951இல் ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் கல்லூரி கண்ட ஊர் இது. அத்தகைய ஊரில் நம் பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்று, கையில் ஒரு தொழிலும் இன்றி, திருச்சி விமான நிலையத்தில் வளைகுடாவுக்கு ஏறுகிறான். அங்கே சான்றிதழ் பெற்ற பற்றவைப்பாளனுக்கு ஒரு கூலி. சுமை தூக்குபவனுக்கு வேறு கூலி. வேற்றுமை பிறப்பில் இல்லை. பள்ளிப் பருவத்தில் கைக்குக் கிடைத்த பயிற்சியில் இருக்கிறது.

காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றால், 1987இல் நிறைவெய்திய 236 அடி உயரத் தெற்கு ராஜகோபுரம் நிற்கிறது. அதன் பதின்மூன்று நிலைகளையும் எழுப்பிய கலையில் சாத்திரம், கணக்கு, உளி மூன்றும் பிரிந்திருக்கவில்லை. நூலறியாத ஸ்தபதி அளவு தவறுவான். கை பழகாதவன் அளவு தெரிந்தும் பயனில்லை. ஆனால் அக்கலை பெரும்பாலும் குலவழியே கைமாறி வந்தது. நாம் கேட்பது அதுவன்று.

"இது குலக்கல்வியாயிற்றே!" என்று சிலர் சீறக்கூடும். 1953இல் ராஜாஜி கொணர்ந்த திட்டம், சிற்றூர்த் தொடக்கப் பள்ளிப் பிள்ளையை அரைநாள் பள்ளியிலும் மறு அரைநாள் தந்தையின் தொழிலிலும் நிறுத்த முனைந்தது. தமிழகம் கிளர்ந்தது, 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது நன்றே. அதில் தந்தையின் தொழில் பிள்ளையின் விதியாயிற்று. நாம் கேட்பது, மளிகை முதலாளியின் மகனும் ரம்பம் பிடிக்க வேண்டும். தச்சரின் மகனும் இயற்கணிதம் கற்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தையல் ஒன்றே என்னாமல் மின்தொழிலும் கற்பிக்க வேண்டும் என்பது. எல்லார்க்கும் எல்லாம் என்பது எங்ஙனம் குலக்கல்வியாகும்?

"நேரம் ஏது? மதிப்பெண் குறையாதா?" என்பது பெற்றோரின் அச்சம். ஒரு பாடத்தைச் சொல்கிறோம். மாணவன் பலகை இழைத்து நிழற்கடிகாரம் ஒன்று செய்யட்டும். திருச்சியிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 21 பாகை. அதனைக் கணக்கிடக் கோணவியல் வேண்டும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் ஓரிரு நாள் இங்கு நண்பகலில் நட்ட கோலுக்கு நிழலே இராது. ஏன் என்று அறியப் புவியியல் வேண்டும். நண்பகல் நிழல் நீங்கலாக, பொருளின் நிழல் ஒரு மடங்கானால் ஷாஃபிஈகளுக்கு அஸர். இரு மடங்கானால் ஹனஃபிகளுக்கு அஸர். இங்கே ஃபிக்ஹ் வந்துவிட்டது. பலகை கோணலானால் நேரம் பிழைக்கும். இங்கே தச்சு வந்துவிட்டது. இப்படிப் பயின்றவனுக்கா கணக்கில் மதிப்பெண் குறையும்? ஜகாத்தும் பாகப்பிரிவினையும் பின்னக் கணக்கில் அமரட்டும். கூலி, அளவை, வட்டி பற்றிய சட்டங்கள் பட்டறையில் நின்றே போதிக்கப்படட்டும்.

இதற்கு மாளிகை வேண்டாம். ஒரு கொட்டகை, சில கருவிகள், வாரத்தில் நான்கு பாடவேளை, ஓய்வு பெற்ற நல்ல தொழிலாளர் இருவர் போதும். ஓர் உறுதி மட்டும் மிக அவசியம்: பள்ளியின் முதல் மாணவனும் கடைசி மாணவனும் ஒரே பட்டறையில் நிற்க வேண்டும். பின்தங்கியவனுக்கு மட்டும் பட்டறை என்றால், அது மீண்டும் மூலையாகிவிடும்.

மினாராவை உயர்த்தச் செலவிடும் தனவந்தர்களே! ஒரு பட்டறைக்கும் கொடுங்கள். ஆலிம் பெருமக்களே! கஸ்ஸாஃபின் ஊசியையும் மாணவருக்குக் காட்டுங்கள். பெற்றோரே! பள்ளியில் சேர்க்கும்போது தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேளாதீர்கள். "என் பிள்ளையின் கைக்கு என்ன கற்பிப்பீர்கள்?" என்றும் கேளுங்கள். நாம் கேட்காதவரை எந்தப் பள்ளியும் தராது.