குறி பேதத்தால் வந்த குழப்பம்

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய் தொழிற்சாலையையோ, ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கம்பெனியார் தொடங்கிய தொழிற்சாலையையோ நினைத்துப் பாருங்கள். வண்டி வருமுன் கருவிகளை அடுக்கி வைத்தல் ஒரு வேலை; வண்டி வந்தபின் திருகாணியை முடுக்குதல் வேறொரு வேலை. இவ்விரண்டையும் ஒரே ஏட்டில், ஒரு சிறு குறியின் வேறுபாட்டால் மட்டும் பிரித்தெழுதும் மேஸ்திரியை எவரும் ஒரு நாளும் வைத்திரார்.

கணிப்பொறி உலகிலோ அத்தகைய மேஸ்திரி நெடுநாள் வாழ்ந்தான். நிரல்களைத் தானே தொகுத்துக் கட்டும் கிரேடில் என்னும் கருவியையே குறிப்பிடுகின்றேன். ஆண்ட்ராய்டு செயலிகள் பெரும்பாலும் இதனால் கட்டப்படுவதால் நம் மாணவர் பலர்க்கும் இது தப்பாத கருவி. இதில் 'டாஸ்க்' என்னும் சொல்லையும் வேலையின் பெயரையும் எழுதி, இடப்புறம் நோக்கிய இரண்டு கோணக் குறிகளை இட்டு, அதன்பின் கட்டளையை எழுதினால், அவ்வேலையை ஏவியபோது மட்டுமே அது நடந்தது. அக்குறிகளை விட்டாலோ கருவி பிழையென்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வேறெந்த வேலையை ஏவினும், ஏன், வேலைகளின் பட்டியலை மட்டும் கேட்பினும், அக்கட்டளை நடந்தேறியது. கட்டளை 'அழி' என்பதாயின் நேர்ந்தது யாதென்று கூறவும் வேண்டுமோ?

க்ரூவி மொழியை நன்கு கற்றவனுக்கும் இதில் உய்வில்லை. அம்மொழியின் இலக்கணப்படி அவ்வரிக்குப் பொருள் வேறு. கிரேடில் அதனை உள்ளே திருத்தி வாசித்துக்கொண்டது.

இப்பழி மாணவனைச் சாராது, கருவியையே சாரும் என்பது என் துணிபு. அதனை இயற்றியவர்களும் உணர்ந்தனர் போலும்: 2016இல் 3.2ஆம் பதிப்பில் அக்குறியை விலக்கத்தக்கதென அறிவித்து, 2018இல் 5.0ஆம் பதிப்பில் நீக்கியே விட்டனர். பழைய பாடத்தைப் பார்த்தெழுதுவோன் இன்று பிழைச் செய்தியையாவது காண்கின்றான். மௌனத்தினும் அது நன்று.

மேக் என்னும் மூத்த கருவிக்கு இந்தத் துணிவு வரவில்லை. 1976இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இயற்றிய அதில் கட்டளை வரி 'டேப்' எழுத்தில் தொடங்க வேண்டும். வெற்றிடங்கள் கண்ணுக்கு ஒன்றே, கருவிக்கு வேறு. அதனை மாற்ற அவர் எண்ணியபோது ஏறக்குறைய பன்னிருவர், பெரும்பாலும் நண்பர், பயன்படுத்தத் தொடங்கியிருந்தனராம். அவர்க்கு இடையூறு செய்ய மனமின்றி விட்டுவிட்டார். பன்னிருவர்பால் கொண்ட தாட்சணியத்திற்கு உலகம் இன்றும் வட்டி கட்டுகின்றது!

நிற்க. நம் ஆய்வுக்கூடத்துப் பயிற்சித் தாள்களில் சுருக்கக் குறிகளை விலக்கி, அடுக்கும் கட்டளை எது, ஏவும் கட்டளை எது என்பதை முதல் நாளிலேயே ஓட்டிக் காட்டுமாறு ஆசிரியர்களை வேண்டிக்கொள்ளுகின்றேன்.