பாதியில் நின்ற கதையை ரசிகர்கள் முடித்தார்கள்! அது குற்றமா?

எண்டர்பிரைஸ் என்பது ஒரு கப்பலின் பெயர்.

அது கடலில் போகும் கப்பல் அல்ல. விண்வெளியில், நட்சத்திரங்களுக்கு நடுவே போகும் கப்பல். அதில் 400-க்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். 5 ஆண்டு சுற்றி வரவேண்டும், யாரும் பார்க்காத உலகங்களைப் பார்த்து வரவேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை.

இது அமெரிக்க டெலிவிஷனில் வந்த கதை. பெயர், "ஸ்டார் டிரெக்". இதை உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. 1966 செப்டம்பர் 8-ந்தேதி என்.பி.சி. டெலிவிஷனில் கப்பல் புறப்பட்டது. கப்பலின் தலைவர் கிர்க். அவருக்கு அடுத்தவர் ஸ்பாக். கூர்மையான காது, சிரிக்காத முகம். அவர் வேறு கிரகத்தைச் சேர்ந்தவர்.

5 ஆண்டு என்று புறப்பட்ட கப்பல், 3 ஆண்டிலேயே நின்றுவிட்டது!

பார்ப்பவர்கள் தொகை போதாது என்று என்.பி.சி. கதையை நிறுத்தியது. 1969 ஜூன் 3-ந்தேதி கடைசிக் கதை வந்தது. மொத்தம் 79 கதைகள்.

மீதி 2 ஆண்டில் என்ன நடந்தது? கப்பல் ஊர் திரும்பியதா? 1973-ல் கார்ட்டூனாகச் சில கதைகள் வந்தன. 1979-ல் சினிமா வந்தது. ஆனால் சினிமா தொடங்கும்போதே அந்தப் பயணம் முடிந்துபோய் இருந்தது. எப்படி முடிந்தது என்று முதலாளிகள் படம் எடுத்துக் காட்டவில்லை.

ரசிகர்கள் காட்டினார்கள். சொந்தக் கையால் கப்பல் கட்டி, சொந்தமாக வேடம் போட்டு, படம் எடுத்துக் காட்டினார்கள்.

அதனால் வந்ததுதான் வம்பு.

கடிதம் போட்ட கைகள்

ரசிகன் என்றால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவன் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. "ஸ்டார் டிரெக்" ரசிகர்கள் அந்த ரகம் அல்ல.

2 ஆண்டு முடிந்ததுமே இந்தக் கதையை நிறுத்தப் போகிறார்கள் என்று 1967 கடைசியில் பேச்சு அடிபட்டது. உடனே கடிதங்கள் பறந்தன. பிஜோ, ஜான் டிரிம்பிள் என்ற கணவன் மனைவி இருவரும் முன் நின்று, எப்படி எழுதவேண்டும், யாருக்கு அனுப்பவேண்டும் என்று ரசிகர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். என்.பி.சி.க்கு ஒரு லட்சத்துக்கு மேல் கடிதம் குவிந்தது. கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்கள் தீப்பந்தம் பிடித்து ஊர்வலம் போனார்கள். கதை தொடரும் என்று 1968 மார்ச்சு 1-ந்தேதி டெலிவிஷனிலேயே அறிவிக்கவேண்டியதாயிற்று.

இப்படித்தான் மூன்றாவது ஆண்டு கிடைத்தது. அது கிடைத்ததால்தான் 79 கதை சேர்ந்தது. அத்தனை கதை கையில் இருந்ததால், 1970-களில் பல ஊர் டெலிவிஷன் நிலையங்கள் அவற்றை வாங்கி மறுபடியும் மறுபடியும் காட்டின. முதலில் ஓடாத கதை அப்போதுதான் ஓடியது! 1979 முதல் 2016 வரை 13 சினிமாக்கள் வந்தன. பல புதிய தொடர்கள் வந்தன. கம்பெனிகளுக்குப் பணம் கொட்டியது.

ரசிகர்களின் கடிதத்துக்கு அமெரிக்க சர்க்காரும் மசிந்தது. 1976-ல் முதல் விண்வெளி ஓடத்துக்குக் "கான்ஸ்டிடியூஷன்" என்று பெயர் வைப்பதாக இருந்தார்கள். ரசிகர்கள் எழுதித் தள்ளினார்கள். ஓடத்தின் பெயர் "எண்டர்பிரைஸ்" ஆயிற்று.

அணைய இருந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவர்கள் இவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

சின்ன ஊரில் பெரிய கப்பல்

நியூயார்க் மாநிலத்தின் வடக்கே டைகாண்டரோகா என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஜேம்ஸ் கௌலி என்பவர் இருக்கிறார். பிரபல பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் போல வேடம் போட்டுப் பாடுவது அவர் தொழில். அதில் வந்த வருமானத்தைக் கொண்டு அவர் கட்டியது, எண்டர்பிரைஸ் கப்பல்!

பழைய தொடரில் உடை தைத்துக் கொடுத்தவர் வில்லியம் தைஸ். அவரிடம் கௌலி இளம் வயதில் வேலை பழகினார். கப்பல் அரங்கத்தின் பழைய வரைபடங்கள் தைஸ் மூலம் அவருக்குக் கிடைத்தன. அதை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக அளந்து, கிர்க் உட்காரும் நாற்காலி முதல் மின்னும் விளக்குவரை அப்படியே செய்தார். 2004-ல் அவருடைய முதல் படம் வந்தது. கிர்க் வேடத்தில் கௌலியே நடித்தார். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம்.

நடிப்பு எல்லா இடத்திலும் நன்றாக இருந்ததா? இல்லை. சில இடங்களில் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம்போல் இருந்தது. அதை மறைக்கவேண்டியது இல்லை. ஆனால் தச்சு வேலையையும் தையலையும் பார்த்தவர்கள் வாய் அடைத்துப் போனார்கள்.

பிறகு ஒரு அதிசயம் நடந்தது. பழைய நடிகர்களே தேடி வந்தார்கள்!

பழைய தொடரில் கப்பலை ஓட்டும் சூலு வேடத்தில் நடித்தவர் ஜார்ஜ் டக்கே. சூலு நாற்காலியில் உட்கார்ந்து கிர்க் சொல்வதைக் கேட்பார். அவரை நடுநாயகமாக வைத்து அந்தக் காலத்தில் கதை எழுதவில்லை. 2007-ல் கௌலியின் குழு அந்தக் கதையைக் கொடுத்தது. வேறு ஓர் உலகத்தில் சிக்கிக்கொண்ட சூலு, அங்கே 30 ஆண்டு வாழ்கிறார். ஒரு மகளைப் பெற்று வளர்க்கிறார். அவரை மீட்கும்போது, கப்பலில் இருப்பவர்களுக்குச் சிறிது நேரமே கழிந்திருக்கிறது. வயோதிகர் ஒருவர் தன் பழைய நண்பர்கள் முன் வந்து நிற்கிறார். அவர்களோ இளமையாகவே இருக்கிறார்கள்! 70 வயது டக்கேயைத் தவிர வேறு யாரால் இதை நடித்திருக்க முடியும்?

அறிவியல் கதைகளுக்கு உலகத்தில் பெரிய பரிசு "ஹூகோ". 2008-ல் அதன் இறுதிப் பட்டியலில் இந்தப் படம் இருந்தது. அதோடு போட்டியிட்டவை பெரிய டெலிவிஷன் கம்பெனிகளின் படங்கள்.

அப்பா வேடத்தில் மகன்

2013-ல் இன்னொரு குழு கிளம்பியது. நடிகர் விக் மின்யோனா அதன் தலைவர். "ஸ்டார் டிரெக் தொடர்கிறது" என்று பெயர் வைத்து, ஜார்ஜியா மாநிலத்தில் அரங்கம் போட்டுப் படம் எடுத்தார்கள். செலவுக்கு ரசிகர்கள் பணம் கொடுத்தார்கள்.

பழைய தொடரில் கப்பல் யந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்காட்டி வேடத்தில் நடித்தவர் ஜேம்ஸ் டூகன். (இரண்டாவது உலகப் போரில் குண்டடி பட்டு ஒரு விரலை இழந்தவர். கேமராவுக்கு அது தெரியாமல் கையை மறைத்தே நடித்தார்.) அவர் 2005-ல் காலமானார். இந்தப் புதிய தொடரில் ஸ்காட்டியாக நடித்தவர் அவருடைய மகன் கிறிஸ் டூகன்.

1967-ல் அப்பல்லோ என்ற கிரேக்கத் தெய்வமாக ஒரே ஒரு கதையில் வந்தவர் மைக்கேல் பாரஸ்ட். 46 ஆண்டு கழித்து, 84 வயதில், அதே அப்பல்லோவாக இந்தத் தொடரின் முதல் கதையில் வந்தார்.

11 கதைகள் எடுத்தார்கள். 2017 நவம்பரில் கடைசிக் கதை வந்தது. அதில் 5 ஆண்டுப் பயணம் முடிந்து கப்பல் பூமிக்குத் திரும்பியது. 1969-ல் அறுந்த நூலை 1979 சினிமாவோடு கட்டி முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

10 லட்சம் டாலர்!

கம்பெனிகள் இதை எல்லாம் வெகுகாலம் கண்டும் காணாமல் இருந்தன. கதையின் உரிமை, சி.பி.எஸ்., பாரமவுண்ட் என்ற இரண்டு கம்பெனிகளிடம் இருந்தது. லாபம் தேடாதவரை அவர்கள் தலையிடவில்லை.

"ஆக்சனார்" என்ற குழு வந்ததும் நிலைமை மாறியது. இவர்கள் 2014-ல் 20 நிமிட முன்னோட்டப் படம் ஒன்றை வெளியிட்டார்கள். படம் அருமை. தொழில் நடிகர்களும் தொழில் தெரிந்த கலைஞர்களும் வேலை செய்திருந்தார்கள். முழு நீளப் படம் எடுக்கிறோம் என்று ரசிகர்களிடம் பணம் கேட்டார்கள். 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஒரு கிடங்கைப் பிடித்து ஸ்டூடியோவாக மாற்றினார்கள்.

2015 டிசம்பரில் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின.

"அன்பினால் செய்தோம்" என்று சொல்லி 10 லட்சம் டாலர் திரட்டினால், அதை வெறும் அன்பு என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அடுத்தவர் பெயரைச் சொல்லித் திரட்டிய பணத்தில் ஸ்டூடியோ அமைப்பது ரசிகன் வேலை அல்ல, வியாபாரம். கம்பெனிகள் வழக்குப் போட்டதில் தவறு இல்லை. நீதிபதியும், இதை நியாயமான உபயோகம் என்று விட்டுவிட முடியாது என்று 2017 ஜனவரியில் சொன்னார். அதே மாதம் இரு தரப்பும் ராஜி ஆகிவிட்டன.

அதோடு விட்டிருந்தால் பேச்சே இல்லை. ஆனால் ஒருவர் தாண்டிய வேலிக்காக ஊருக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

15 நிமிடம்

வழக்கு நடக்கும்போதே, 2016 ஜூனில், ரசிகர் படங்களுக்கு என்று கம்பெனிகள் 10 விதிகளை வெளியிட்டன. அது "ஸ்டார் டிரெக்"கின் பொன்விழா ஆண்டு!

படத்தை விற்கக் கூடாது. 50 ஆயிரம் டாலருக்கு மேல் வசூலிக்கக் கூடாது. யாருக்கும் சம்பளம் கூடாது. ஆபாசம் கூடாது. இவை எல்லாம் சரி. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கும் கதைக்கு இந்த வேலி வேண்டியதுதான்.

அடுத்ததைக் கேளுங்கள். ஒரு கதை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மிஞ்சினால் 2 பகுதி, மொத்தம் 30 நிமிடம். அதற்குமேல் தொடரக் கூடாது. "ஸ்டார் டிரெக்" சம்பந்தப்பட்ட படங்களில் முன்பு வேலை செய்தவர் யாரும் இதில் சேரக் கூடாது.

ஒரு மணி நேரத் தொடரின் மீதிக் கதையை 15 நிமிடத்தில் எப்படிச் சொல்வது? சூலு 30 ஆண்டு வாழ்ந்து கிழவராகித் திரும்பும் கதையை அதற்குள் அடக்க முடியுமா? அடக்கினாலும் டக்கே அதில் நடிக்க முடியாது. ஒரு சல்லிக் காசு வாங்காமல் நடித்தாலும் முடியாது! 84 வயது அப்பல்லோவும் வர முடியாது. முன்பு நடித்தவர் என்பதே தடையாகிவிட்டது!

ரசிகர் படத்தையும் அசல் படத்தையும் மக்கள் குழப்பிக்கொள்வார்கள் என்று இதற்குக் காரணம் சொல்லலாம். ஆனால் இது ரசிகர் படம் என்று தலைப்பிலேயே போடவேண்டும் என்று இன்னொரு விதி இருக்கிறதே! அதைப் படித்த பிறகும் யார் குழம்புவார்கள்?

உரிமை கம்பெனியின் சொத்து என்பது உண்மை. அமெரிக்கச் சட்டப்படி 1966-ல் வந்த கதைக்கு 95 ஆண்டு உரிமை உண்டு. 2061 முடிகிறவரை காத்திருக்க வேண்டும். 10 வயதில் முதல் கதையைப் பார்த்த சிறுவனுக்கு அப்போது 105 வயது!

டைகாண்டரோகாவில் கௌலி படம் எடுப்பதை நிறுத்தினார். கம்பெனியின் அனுமதி வாங்கி, 2016-ல் அந்த அரங்கத்தையே காட்சிச் சாலை ஆக்கினார். டிக்கெட் வாங்கி உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கலாம். அசல் கிர்க் வில்லியம் ஷாட்னரே அங்கே வந்து ரசிகர்களைச் சந்தித்தார். அரங்கம் பிழைத்தது நல்லதுதான். ஆனால் அதில் கதை நடப்பது நின்றுபோயிற்று.

2019-ல் சி.பி.எஸ். கம்பெனியும், பாரமவுண்டை வைத்திருந்த வயாகாம் கம்பெனியும் ஒன்றாகச் சேர்ந்தன. உரிமை ஒரே கைக்கு வந்தது. இனி ஒருவரை ஒருவர் கேட்கவேண்டியது இல்லை. பணத்துக்குப் போட்ட வரம்பு அப்படியே இருக்கட்டும். அந்த வரம்புக்குள் ரசிகர்கள் எத்தனை நிமிடம் எடுத்தால்தான் என்ன? காலக் கணக்கையும், பழைய கலைஞர்களுக்குப் போட்ட தடையையும் அடித்துவிடலாம். அடிப்பதானால் சீக்கிரம் அடிக்கவேண்டும். டாக்டராக நடித்த கெல்லி 1999-ல் போனார். டூகன் 2005-ல். ஸ்பாக்காக நடித்த நிமாய் 2015-ல். கப்பலில் செய்தித் தொடர்பு அதிகாரியாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் 2022-ல்.