பிள்ளைக்கு ஜெபம் சொல்லித்தர... வயசுக்கு ஏத்த வழி!

கீழ்பென்னாத்தூரோ, தூத்துக்குடியோ... இரவு குடும்ப ஜெபத்தில் காட்சி ஒன்றுதான். சின்னது தூங்கி விழும். நடுவுள்ளது கடகடவென ஒப்பிக்கும். பெரியவன் ஓரக்கண்ணால் மொபைலைப் பார்ப்பான். மூவருக்கும் ஒரே ஜெபம் சரிவருமா?

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தெருவில் மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டி, தமிழில் ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்தார். வீட்டுப் பெரியவர்களுக்கும் போய்ச் சொல்லித்தரச் சொன்னார். பிள்ளைகளை அந்தளவுக்கு நம்பினார்.

3 - 5 வயது: ஒரு வரி போதும். "இயேசப்பா, ஆயாவுக்குக் கால்வலி போகணும்" என்பதும் முழு ஜெபம்தான். கண்ணை மூடச் சொல்லி மிரட்ட வேண்டாம்.

6 - 10 வயது: பரமண்டல ஜெபம் மனதில் பதியும் வயது. வாரம் ஒரு வரிக்கு அர்த்தம் சொல்லுங்கள். அப்பம் கேட்கும் வரி, நம் வீட்டுச் சோற்றுக்கும்தான் என்றால் பளிச்செனப் புரியும்.

டீன் ஏஜ்: "அவ்ளோ ஜெபிச்சோமே, தாத்தா ஏன் செத்துட்டார்?" என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள். "எனக்கும் தெரியலப்பா" என்பது நேர்மையான பதில். கெத்செமனே தோட்டத்தில் இயேசு வியாகுலத்தோடு கேட்டும் சிலுவை நீங்கவில்லை. அதைச் சேர்ந்து வாசியுங்கள். கேள்வியோடும் ஜெபிக்கலாம் என்று தெரிந்தால் பிள்ளை விலகிப்போகாது.

இயேசு ஜெபம்பண்ணி முடித்ததைப் பார்த்துத்தான், தங்களுக்கும் கற்றுத்தரும்படி சீடர் ஒருவர் கேட்டார் என்கிறது லூக்கா 11-ம் அதிகாரம். உங்கள் பிள்ளையும் முதலில் உங்களைத்தான் பார்க்கும். இன்றிரவு முதலில் உங்கள் மொபைலை ஓரமாக வையுங்கள்!